பழைய லாம்பிரட்டா வாங்கும் முன்...

இரண்டாமாண்டு, ஆட்டோமொபைல் துறை



"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்பார்கள். என் அப்பா கொத்தனார். ஊருக்கெல்லாம் வீடு கட்டியவர். அவரைக் கேட்டால், "பழைய வண்டி வாங்கிப் பார்" என்பதையும் அதோடு சேர்த்துக்கொள்ளச் சொல்வார். அந்த அனுபவத்தைத்தான் இந்த மலரில் உங்களோடு பகிர்ந்துகொள்ள வந்திருக்கிறேன்.

அப்பா பதினாலு வயதில் கையாளாக வேலைக்குப் போனவர். அப்போது அவருடைய மேஸ்திரி ஒரு பச்சை நிற லாம்பிரட்டா ஸ்கூட்டரில் வருவாராம். "அந்த வண்டி சத்தம் கேட்டாலே சைட்டுல எல்லாரும் எந்திரிச்சு நிப்போம்டா" என்று அப்பா இன்றைக்கும் சொல்வார். சென்ற ஆண்டு சீட்டுப் பணம் 40,000 ரூபாய் கைக்கு வந்தது. எங்கள் ஊரிலிருந்து கல்லூரிக்கு 13 கிலோமீட்டர். காலை 7.10 பஸ்ஸை விட்டால் முதல் பீரியட் போச்சு! "உனக்கும் ஆச்சு, எனக்கும் ஆச்சு, ஒரு லாம்பிரட்டா வாங்கிடலாம்" என்றார். சொன்ன மறு வாரமே ஒரு புரோக்கரிடம் 2,000 ரூபாய் அட்வான்ஸும் கொடுத்துவிட்டு வந்துதான் என்னிடம் சொன்னார். வண்டி விலை 38,000. "ஒரிஜினல் இத்தாலி வண்டி, பெயிண்ட் அடிச்சு பளபளன்னு இருக்கு" என்றார்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பாவுக்கு எதிரில் எதையும் குறை சொல்லிப் பழக்கம் இல்லை. ஆனாலும், "மீதிப் பணம் குடுக்கறதுக்கு முன்னாடி நான் ஒரு தடவை பாத்துடறேன்பா" என்று மட்டும் சொன்னேன். அன்று நான் பார்த்த முறையைத்தான் வரிசையாக எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வேலை பார்க்கும் ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக் அண்ணன் சொல்லித் தந்ததும், வகுப்பில் படித்ததும் இதில் கலந்தே இருக்கும்.

லாம்பிரட்டா யார்?

வண்டியைப் பார்க்கப் போகும் முன் அதன் குலம் கோத்திரம் தெரிந்திருக்க வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் இத்தாலியில் இரண்டு ஸ்கூட்டர்கள் பிறந்தன. 1946-ல் பியாஜியோ நிறுவனத்தின் வெஸ்பா. 1947-ல் மிலான் நகரில் இன்னொசென்டி நிறுவனத்தின் லாம்பிரட்டா. அந்தத் தொழிற்சாலை இருந்த லாம்பிராத்தே பகுதியின் பெயரே வண்டிக்கும் வந்தது.

1950-களிலிருந்தே பம்பாயில் ஆட்டோமொபைல் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் உரிமம் பெற்று லாம்பிரட்டாவை இங்கே கொண்டுவந்தது. இன்னொசென்டி ஸ்கூட்டர் தயாரிப்பை நிறுத்திய பிறகு, 1972-ல் தொடங்கப்பட்ட மத்திய அரசின் ஸ்கூட்டர்ஸ் இந்தியா நிறுவனம் அந்த அச்சுகளையும் இயந்திரங்களையும் வாங்கி லக்னோவுக்குக் கொண்டுவந்தது. அங்கிருந்து நம் நாட்டுக்கு வந்ததுதான் விஜய் சூப்பர். 1990-களின் கடைசியில் அந்த ஸ்கூட்டரும் நின்றுபோனது.

ஆகவே நண்பர்களே, நம் ஊரில் "இத்தாலி வண்டி" என்று யார் சொன்னாலும் பெரும்பாலும் அது இத்தாலியில் வரைந்து இந்தியாவில் செய்த வண்டிதான். அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் பெயருக்காகக் கூடுதல் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். முன்னால் ஒட்டியிருக்கும் பெயர்ப் பட்டை கடையில் கிடைக்கும். தயாரித்தவர் பெயரும் ஆண்டும் ஆர்.சி. புக்கில் இருக்கும். அப்பா அட்வான்ஸ் கொடுத்த வண்டியின் ஆர்.சி.யில் இருந்தது பம்பாய் நிறுவனத்தின் பெயர், ஆண்டு 1968.

1. முதலில் காகிதம்

எல்லோரும் முதலில் வண்டியைச் சுற்றி வருவார்கள். நான் முதலில் ஆர்.சி.யைக் கேட்டேன். வண்டி மனதுக்குப் பிடித்துவிட்டால் காகிதத்தின் குறை கண்ணுக்குத் தெரியாது!

சொந்த உபயோக வண்டிக்கு முதல் பதிவு 15 ஆண்டுக்குத்தான். அதன் பின் படிவம் 25 கொடுத்து, வண்டியை ஆய்வுக்குக் காட்டி, 5 ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். பசுமை வரி தனி. கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள் என்று பாருங்கள். அடுத்து, ஆர்.சி.யில் பெயர் உள்ளவர்தான் விற்கிறாரா என்று பாருங்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30 இரண்டிலும் அவர் கையெழுத்து வேண்டும். விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். உரிமையாளர் இறந்திருந்தால் வாரிசு முதலில் படிவம் 31 மூலம் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டு, பிறகுதான் விற்க வேண்டும். வேறு மாநில வண்டி என்றால் படிவம் 28-ல் என்.ஓ.சி. வேண்டும். கடன் போட்டு வாங்கிய குறிப்பு இருந்தால் அது நீக்கப்பட்டிருக்க வேண்டும்.

எங்கள் வண்டியில் ஆர்.சி.க்காரர் காலமாகிப் பல வருடம். அதன் பின் மூன்று கை மாறியிருக்கிறது, ஒருவர் கூடப் பெயர் மாற்றவில்லை. கேட்டதற்குப் புரோக்கர், "அம்பது வருஷம் தாண்டிருச்சு தம்பி. இது விண்டேஜ். இதுக்கு எதுவும் வேணாம்" என்றார்.

இதை நண்பர்கள் நன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டும். 2021-ல் வந்த மத்திய விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டி, பெரிய மாற்றம் எதுவும் செய்யாமல் இருக்கும் இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளை விண்டேஜ் வண்டியாகப் பதியலாம். ஆனால் வயது தாண்டினால் தானாக ஆகிவிடாது, விண்ணப்பிக்க வேண்டும். புதிதாக விண்டேஜ் பதிவு செய்யக் கட்டணம் 20,000 ரூபாய். எல்லாவற்றுக்கும் மேலாக, அப்படிப் பதிந்த வண்டியைத் தினசரி ரோட்டில் ஓட்டக் கூடாது. கண்காட்சி, பேரணி, ஆராய்ச்சி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்றவற்றுக்கு மட்டும்தான் அனுமதி. 7.10 பஸ்ஸுக்குப் பதிலாக அதில் கல்லூரிக்கு வர முடியாது!

2. எண் பேசும்

காகிதத்தில் உள்ள சேசிஸ் நம்பரும் என்ஜின் நம்பரும் இரும்பில் உள்ளதும் ஒன்றா? லாம்பிரட்டாவில் பக்க மூடிகளைக் கழற்றி, துணியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தால் எண்கள் தெரியும். பார்த்தால் மட்டும் போதாது. மெல்லிய வெள்ளைத் தாளை எண்ணின் மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுங்கள். கண்ணுக்குத் தெரியாதது தாளில் தெரியும். எண்கள் ஒரே உயரமா, ஒரே ஆழமா, சுற்றியுள்ள இரும்பைத் தேய்த்த கோடு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

நான் எடுத்த தாளில் கடைசி இரண்டு எண்கள் மற்றவற்றைவிடச் சற்று உயரமாக, சாய்ந்து விழுந்திருந்தன. சுற்றிலும் அரம் போட்ட கோடுகள். ஏன் அப்படி என்று எனக்குத் தெரியாது. யாரையும் திருடன் என்று சொல்லவும் நான் வரவில்லை. ஆனால் நாளைக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸில் பதில் சொல்லி நிற்கப் போவது புரோக்கர் இல்லை, என் அப்பா!

3. தகரமும் எலும்பும்

வெஸ்பாவுக்கும் லாம்பிரட்டாவுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. வெஸ்பாவுக்குத் தகர உடம்பேதான் எலும்பு. அதன் பலகை துருப்பிடித்தால் வண்டியே பலவீனம். லாம்பிரட்டாவுக்கு உள்ளே தடித்த இரும்புக் குழாய்தான் எலும்பு. தகரம் எல்லாம் மேலே போல்ட் போட்டு மாட்டிய சட்டை. சட்டை கிழிந்தால் மாற்றலாம், எலும்பு விரிசல் கண்டால் யோசிக்க வேண்டும்.

ஆகவே குனிந்து அடியில் பாருங்கள். ஸ்டாண்டு பிடிக்கும் இடம், கால் வைக்கும் பலகையைத் தாங்கும் கம்பிகள், என்ஜின் மாட்டியிருக்கும் இடம், ஹேண்டிலுக்குக் கீழே குழாய் வளையும் இடம் ஆகியவற்றில் புது வெல்டிங் இருக்கிறதா? பின்னால் பத்தடி தள்ளி உட்கார்ந்து பாருங்கள், இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் நிற்கிறதா? இல்லை என்றால் வண்டி எங்கேயோ மோதியிருக்கிறது.

பெயிண்டுக்கு அடியில் இருப்பதைக் கண்டுபிடிக்கப் பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்று போதும். மெல்லிய துணியில் சுற்றித் தகரத்தின் மேல் நகர்த்துங்கள். நல்ல தகரம் இழுக்கும், தடிமனாகப் பட்டி பூசிய இடம் இழுக்காது. நான் காந்தத்தை வைத்து நகர்த்திக்கொண்டிருந்தபோது புரோக்கர் சிரித்தார். "அண்ணே, பையன் புஸ்தகத்துல இருக்கறதச் சொல்லுது. வண்டி என்ன புஸ்தகத்துலயா ஓடுது?" என்று அப்பாவைப் பார்த்துச் சொன்னார். அப்பா என்னைப் பார்த்தார். எனக்குக் கை நடுங்கியது. தப்பாகச் சொல்லிவிட்டோமோ, அப்பாவுக்கு நாலு பேர் முன்னால் தலைகுனிவு ஆகிவிடுமோ என்ற பயம்.

அப்பா ஒன்றும் பேசவில்லை. மெதுவாக வந்து உட்கார்ந்தார். புதுச் சுவரில் பூச்சு பிடித்திருக்கிறதா என்று விரல் மடக்கித் தட்டிப் பார்ப்பாரே, அதே மாதிரி முன் தகரத்தை மேலிருந்து கீழே தட்டிக்கொண்டே வந்தார். மேலே "டங், டங்" என்று கேட்டது. கீழே வந்ததும் "தொக், தொக்".

"இது பூச்சுப்பா. உள்ள செங்கல் இல்ல" என்றார்.

நண்பர்களே, நான் காந்தத்தை வைத்து அரை மணி நேரம் தேடியதை அப்பா அரை நிமிடத்தில் சொல்லிவிட்டார்! அன்றிலிருந்து நானும் காந்தத்துக்கு முன்னால் விரலைத்தான் வைக்கிறேன்.

4. என்ஜின்

லாம்பிரட்டா 150-ன் என்ஜின் ஒற்றை சிலிண்டர், டூ ஸ்ட்ரோக். போர் 57 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 58 மில்லிமீட்டர். வகுப்பில் படித்த சூத்திரத்தைப் போட்டுப் பாருங்கள், 148 சி.சி. வரும். சிலிண்டரைக் குளிர வைப்பது மேக்னட்டில் உள்ள விசிறியின் காற்று. அந்தக் காற்றைச் சிலிண்டருக்குக் கொண்டுபோகும் தகர மூடிகள் இல்லாமல் ஓடும் வண்டி சூடேறிப் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். ஆகவே மூடிகள் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.

போனவுடன் சைலன்சரைப் புறங்கையால் லேசாகத் தொடுங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வரும் முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். ஆறிய வண்டி எத்தனை உதையில் கிளம்புகிறது என்பதுதான் உண்மை. கிளப்பும் முன் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். முனை காப்பித்தூள் நிறத்தில் இருந்தால் நல்லது. வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவாக, காற்று அதிகமாகப் போகிறது. கறுத்து ஈரமாக இருந்தால் ஆயில் அதிகம். பிளக் ஓட்டையைக் கட்டை விரலால் மூடி, கிக்கரை மெதுவாக அழுத்தச் சொல்லுங்கள். விரலைத் தள்ளிக்கொண்டு காற்று வர வேண்டும். வராவிட்டால் ரிங் அல்லது போர் தேய்ந்திருக்கும். அலுமினிய ஹெட் என்பதால் பிளக் மரை போயிருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

ஸ்டார்ட் ஆனதும் புகையைப் பாருங்கள். பெட்ரோலோடு ஆயில் கலந்து ஓடும் வண்டி, கொஞ்சம் நீலப்புகை வரத்தான் செய்யும். சூடான பிறகும் அடர்த்தியாக வந்துகொண்டே இருந்து, கியர் பாக்ஸ் ஆயிலும் குறைந்துகொண்டே போனால், இடப்பக்க ஆயில் சீல் போய்விட்டது. கியர் ஆயிலை என்ஜின் குடிக்கிறது என்று அர்த்தம். ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் என்ஜின் வேகம் குறையாமல் கத்தினால் எங்கேயோ காற்று கசிகிறது. பெரும்பாலும் மேக்னட் பக்க சீல். இது புகையைவிட ஆபத்து. கலவையில் பெட்ரோல் குறைந்து, சூடு ஏறி, பிஸ்டனில் ஓட்டையே விழலாம். என்ஜினை நிறுத்திவிட்டு மேக்னட்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். ஆடினால் மெயின் பேரிங் தேய்ந்திருக்கிறது.

இன்னொன்று, டேங்க் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். பல மாதம் நின்ற வண்டியில் டேங்குக்குள் துருவும், ரப்பர் குழாயில் வெடிப்பும் இருக்கும். அந்தக் காலத்து ரப்பர் இந்தப் பெட்ரோலுக்குச் செய்யப்பட்டதல்ல. குழாயையும் கார்புரேட்டர் பேக்கிங்கையும் மாற்றும் செலவைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

5. ஓட்டிப் பார்த்தல்

முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் அசையுங்கள். ஹேண்டில் கழுத்தில் "கடக்" என்றால் கோன் செட். கீழே சக்கரத்தருகே என்றால் லிங்க் புஷ். பின் சக்கரத்தின் மேல்பக்கத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். சக்கரம் மட்டும் ஆடினால் ஹப் அல்லது பேரிங். என்ஜினும் சேர்ந்து ஆடினால், என்ஜினைச் சட்டத்தோடு பிடிக்கும் ரப்பர் புஷ்ஷான சைலன்ட் பிளாக் போய்விட்டது.

பிறகு ஒரு மேட்டில் ஓட்டுங்கள். கியர் தானாக நழுவுகிறதா? கேபிள் தளர்ந்திருந்தாலும் நழுவும், உள்ளே பல் தேய்ந்திருந்தாலும் நழுவும். கேபிளைச் சரி செய்த பிறகும் நழுவினால் என்ஜினை இறக்க வேண்டிய வேலை. இடப்பக்கம் உள்ளே ஓடும் இரட்டைச் செயின் "சல சல" என்று சத்தம் போட்டால் செயினோ அதைத் தாங்கும் பட்டையோ தேய்ந்திருக்கும்.

6. கடைசியில் கணக்கு

விலை என்பது விற்பவர் சொல்வது மட்டுமல்ல. விலை, பழுது, காகிதச் செலவு மூன்றையும் கூட்டினால் வருவதுதான் உண்மையான விலை. ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பிறகு பேசுங்கள். எந்தப் பழுதுக்கும் பணம் செலவழித்தால் மருந்து உண்டு. ஆனால் எண்ணும் காகிதமும் கெட்டிருந்தால் அதற்கு மருந்து இல்லை. அதனால்தான் அவற்றை முதலில் பார்க்கச் சொன்னேன்.

பிறகு என்ன ஆனது?

அந்த வண்டியை நாங்கள் வாங்கவில்லை. அட்வான்ஸ் 2,000 ரூபாயும் திரும்பி வரவில்லை. அப்பாவுக்கு அது மூன்று நாள் கூலிக்கு நெருக்கமான பணம். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் ஒன்றுமே பேசவில்லை. என்னால்தான் போச்சோ என்று நானும் பேசவில்லை. ஊர் விலக்கில் இறங்கியபோதுதான், "அந்த நம்பரு தாள பத்திரமா வச்சுக்க. யாராவது கேட்டா காட்டலாம்" என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது.

இரண்டு மாதம் கழித்து, பக்கத்து ஊரில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரின் மாட்டுக் கொட்டகையில் 1982-ஆம் வருட விஜய் சூப்பர் ஒன்று கிடைத்தது. பெயிண்ட் உதிர்ந்து, கோழி முட்டையிட்டிருந்த வண்டி! ஆனால் ஒரே கை. முதல் ரசீது முதல் எல்லாக் காகிதமும் பிளாஸ்டிக் பையில் இருந்தது. பென்சிலில் தேய்த்த எண் வரிசையாக, நேராக வந்தது. அப்பா தட்டிப் பார்த்தார், எல்லா இடத்திலும் "டங்" தான். பதிவு காலாவதி ஆகியிருந்தது. ஆசிரியரே எங்களோடு ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு இரண்டு முறை வந்தார்.

வண்டி 21,000. இரண்டு ஆயில் சீல், சைலன்ட் பிளாக், டயர், கேபிள்கள், பெட்ரோல் குழாய் எல்லாம் சேர்த்து 9,400. பதிவு, வரி, இன்சூரன்ஸ், பெயர் மாற்றம் 4,300. ஆக மொத்தம் 34,700 ரூபாய். இதில் நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். கியர் நழுவியதைப் பார்த்து "உள்ளே பல் போச்சு, என்ஜினை இறக்கணும்" என்று பெரிதாகச் சொன்னேன். மெக்கானிக் அண்ணன் வந்து கேபிளை இரண்டு சுற்று முறுக்கினார். சரியாகிவிட்டது! மேலே "கேபிளைச் சரி செய்த பிறகும்" என்று நான் எழுதியிருப்பது அன்று கற்றுக்கொண்டதுதான்.

இன்னும் பெயிண்ட் அடிக்கவில்லை. அடுத்த சீட்டுப் பணத்தில் பச்சை அடிக்கலாம் என்கிறார் அப்பா. காலையில் என்னைக் கல்லூரி வாசலில் இறக்கிவிட்டு அதிலேயே வேலைக்குப் போகிறார். அந்த "பட பட" சத்தத்தை நீங்களும் கேட்டிருப்பீர்கள். பழைய வண்டி வாங்கும் எண்ணம் உள்ள நண்பர்கள் என்னைக் கூப்பிடுங்கள். தாளும் பென்சிலும் நான் கொண்டு வருகிறேன். தட்டிப் பார்க்க அப்பாவையும் அழைத்து வருகிறேன்.